மூக்குக்குப் புது ஸ்பிறே, பரிசோதனைக்குத் தம்பி போகலாமா?

வட்டக்கச்சி அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என் தம்பி ரொறன்ரோவில் இருக்கிறான், போய்ப் பதினொரு வருடம். ஆவணி பிறந்தால் அவனுக்கு மூக்கு ஓடத் தொடங்கும், கண் சிவக்கும், தும்மல் ஒரேயடியாகப் பதினைந்து இருபது வரும், ஐப்பசியில் உறைபனி விழும் வரைக்கும் இதே பாடுதான். அங்கே ராக்வீட் என்று ஒரு செடி, அதன் மகரந்தம்தான் காரணமாம். இப்போது ஓர் ஆய்வு நிலையத்தில் இந்த வருத்தத்துக்குப் புது மூக்கு ஸ்பிறே பரிசோதிக்கிறார்கள், ஆட்கள் தேவை என்றதும் இவன் பெயர் கொடுத்துவிட்டான். செலவுக்குக் காசும் கொடுப்பார்களாம்.

இருபத்திரண்டு பக்கப் படிவத்தைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பி, "அக்கா ஒருக்கா பாருங்கோ" என்றான். நான் ஆங்கிலம் படிப்பித்தவள், ஆகவே எனக்கு எல்லாம் விளங்கும் என்று அவனுக்கு நம்பிக்கை. இரண்டு இரவு இருந்து வாசித்தேன். சொற்கள் விளங்கின, விஷயம் விளங்கவில்லை. ஆய்வின் முதல் நோக்கம் மருந்தின் பாதுகாப்பை அறிவது என்று எழுதியிருக்கிறது. அப்படியென்றால் அது இன்னும் தெரியாது என்றுதானே அர்த்தம்? மூக்கில் அடிக்கிற மருந்துக்கு ஏன் இரத்தம் எடுக்கிறார்கள், ஏன் கண்ணைச் சோதிக்கிறார்கள், எச்சிலில் ஏதோ ஹோர்மோன் பார்க்கிறார்கள், மணம் பிடிக்கிறதா என்று வேறு பார்க்கிறார்கள்?

படிவம் என்றாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். 2009 க்குப் பிறகு முகாமில் எத்தனை தாளில் கையெழுத்து வைத்தோம், எதற்கு என்று ஒருவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்கிற நிலையில் இருக்கவில்லை. அந்தப் பழக்கம் இவனுக்கும் இருக்குமோ என்பதுதான் என் பயம்.

இன்னொன்று. சின்ன வயதில் அவனுக்கு முட்டு இருந்தது. நெல்லு வெட்டுக் காலத்தில் இரவிரவாக நெஞ்சு இழுக்கும், அம்மா சுவரோடு சாய்ந்திருந்து விடியும் மட்டும் அவனை நெஞ்சோடு நிமிர்த்தி வைத்திருப்பா. பதின்மூன்று வயதோடு விட்டுவிட்டது. "அதைச் சொன்னால் எடுக்கமாட்டார்கள், நான் எழுதவில்லை" என்கிறான். இது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

பரந்தன் பெடியன்:

வேண்டாம் என்று சொல்லுங்கோ அக்கா. காசு கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கத்தானே வேண்டும். தும்மல் என்ன ஆளைக் கொல்லுகிற வருத்தமா? ஒரு பிரிற்றன், அந்த அலர்ஜிக் குளிசை, போட்டுப் படுத்தால் விடியச் சுகம். எங்களுடைய ஆட்கள் பட்டது காணும், மருந்துக்கும் எலியாகப் போக வேண்டாம்.

முள்ளியவளை, இப்போது லண்டன்:

தம்பி, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் பிரிற்றன் குளிசையையும் ஒரு காலத்தில் யாரோ முதலில் விழுங்கித்தான் பார்த்திருக்கிறார்கள். அது நித்திரை கொண்டுவரும், போட்டுக்கொண்டு உழவு மெசின் ஓட்டக்கூடாது என்று எங்களுக்குத் தெரிவதும் அப்படித்தான்.

அக்கா, நான் எட்டு வருடத்துக்கு முன் இங்கே ஒரு மூக்கு ஸ்பிறே பரிசோதனையில் இருந்தேன். எனக்குப் புல் மகரந்தம், வைகாசி கடைசியில் தொடங்கி ஆடி வரை. ஆகவே நீங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் எனக்கு அங்கே சொன்னதையும் பிறகு நானாகத் தேடி வாசித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

மூக்கின் உள்தோல் மிக மெல்லியது, அதற்குக் கீழே இரத்தக் குழாய்கள் நிறைந்திருக்கின்றன. அடிக்கிற மருந்தில் ஒரு பங்கு தொண்டை வழியே வயிற்றுக்குப் போகும், ஒரு பங்கு அப்படியே இரத்தத்தில் கலக்கும். எவ்வளவு கலக்கிறது என்று பார்க்கத்தான் இரத்தம். எச்சிலில் பார்ப்பது கோர்ட்டிசோலாக இருக்கும். ஸ்டீரொயிட் வகை மருந்து, அதாவது வீக்கத்தைத் தணிக்கிற மருந்து, உடம்புக்குள் கூடுதலாகப் போனால், சிறுநீரகத்துக்கு மேலே இருந்து கோர்ட்டிசோலைச் சுரக்கிற அதிரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துவிடும். கண் பார்ப்பதும் அதே காரணம்தான், கண்ணின் அழுத்தம் ஏறுகிறதா, வில்லையில் புகை படிகிறதா என்று. இந்தச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால் தம்பியின் மருந்து ஸ்டீரொயிட் வகையாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது, அதை அவன் வாய் திறந்து கேட்க வேண்டும்.

மணம் பார்ப்பதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். மணம் அறிகிற நரம்பின் நுனிகள் மூக்கின் கூரையில் வெளியே தெரியும்படி இருக்கின்றன, அவ்வளவு திறந்த நரம்பு உடம்பில் வேறு எங்கேயும் இல்லை. 1937 இல் இதே ரொறன்ரோவில் போலியோ பரவினபோது, கிருமி மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது என்று நம்பிக் கிட்டத்தட்ட 5,000 பிள்ளைகளின் மூக்கில் துத்தநாக சல்பேற் கரைசலை அடித்தார்கள். போலியோவும் நிற்கவில்லை, சில பிள்ளைகளுக்கு மணம் போய்த் திரும்பி வரவே இல்லை. அதைப் படித்த பிறகும் 2009 இல் அமெரிக்காவில் துத்தநாகம் கலந்த தடிமன் ஜெல்லை மூக்கில் பூசி மணம் போனதாக 130 க்கு மேல் முறைப்பாடுகள் வந்து, பாவிக்க வேண்டாம் என்று அரசு அறிவித்தது. அந்த ஜெல்லுக்கு அரசின் மருந்து அனுமதியே இருக்கவில்லை, கடையில் சும்மா வாங்கலாம்.

எனக்குச் செய்த சோதனை ஒன்றைச் சொல்கிறேன். மூக்குக்குள்ளே ஒரு விரற்கடை தூரத்தில் சக்கரின் பொடி ஒரு துணுக்கு, ஊசி முனையளவு, வைத்தார்கள். தும்மக்கூடாது, உறிஞ்சக்கூடாது, தலையை நிமிர்த்தி நேரே இருக்க வேண்டும். தாதி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றா. எட்டு நிமிடம் ஒன்றும் இல்லை. ஒன்பதாவது நிமிடம் தொண்டையின் பின்பக்கம் ஒரு இனிப்பு, இலேசாக, யாரோ தூரத்தில் சர்க்கரை காய்ச்சுகிற மாதிரி. மூக்குக்குள் இருக்கிற சின்ன மயிர்கள் அந்தத் துணுக்கைத் தள்ளிக்கொண்டு பின்னால் கொண்டுவந்த நேரம் அது. இருபது நிமிடத்துக்குள் இனிப்பு வந்தால் நல்லது. ஒரு மாதம் மருந்து அடித்த பிறகு திரும்பவும் வைத்துப் பார்த்தார்கள், நேரம் நீண்டுவிட்டதா, மருந்தோ அதில் சேர்க்கிற பாதுகாப்பு இரசாயனமோ அந்த மயிர்களைச் சோர வைக்கிறதா என்று. ஒவ்வொரு முறையும் லைற் அடித்து மூக்கின் நடுச்சுவரில் புண் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள்.

2006 மார்ச்சில் இங்கே லண்டனில் நடந்ததும் எல்லாருக்கும் தெரிய வேண்டும். மூக்கு மருந்து இல்லை, இரத்தக் குழாயில் ஏற்றுகிற மருந்து, டி.ஜி.என். 1412 என்று பெயர். சுகதேகியான ஆறு பேருக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள், முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று பார்க்கவில்லை. ஆறு பேருக்கும் உறுப்புகள் செயலிழக்கத் தொடங்கித் தீவிர சிகிச்சைக்குப் போனார்கள். உயிர் தப்பினது பெரிய காரியம். அதற்குப் பிறகுதான் புதிய மருந்தை முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துக் காத்திருந்து மற்றவர்களுக்குக் கொடுக்கிற முறை இறுகினது. ஆகவே தம்பி கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எனக்கு முன் எத்தனை பேர் இதை அடித்தார்கள், அவர்களுக்கு என்ன ஆனது?"

கடைசியாக முட்டு விஷயம். அக்கா, கைகூப்பிக் கேட்கிறேன், அவன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இப்படியான ஆய்வுகளில் சில வேளை அளந்த மகரந்தத்தைக் காற்றில் விட்ட அறைக்குள் மணிக்கணக்கில் இருத்துவார்கள், ஒன்ராறியோவின் கிங்ஸ்ரனில் அப்படி ஓர் அறை இருக்கிறது. பழைய முட்டு உள்ளவருக்கு அங்கே நெஞ்சு இறுகினால், டொக்டருக்கு முன்கூட்டியே தெரிந்திருப்பதற்கும் தெரியாமல் இருப்பதற்கும் இடையில் ஓர் உயிர் இருக்கிறது.

ஒட்டுசுட்டான் கமக்காரன்:

பிள்ளை, ராக்வீட் என்றதும் எங்கள் பக்கத்துச் செடி ஒன்று ஞாபகம் வந்தது. பார்த்தீனியம் தெரியும்தானே, கரட் இலை மாதிரி இலை, சவ்வரிசி தூவின மாதிரிச் சின்ன வெள்ளைப் பூ. இந்திய அமைதிப்படையின் ஆடுகளோடு வந்தது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அதுவும் ராக்வீட்டும் சூரியகாந்திக் குடும்பம், ஒன்றின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாத ஆளுக்கு மற்றதும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்று விவசாயப் போதனாசிரியர் எங்களுக்குச் சொன்னவர். தம்பி லீவில் வந்தால் வேலியோரம் பிடுங்குகிற வேலைக்கு அவனை விடாதீர்கள். நீங்களும் பூக்க முன்னம் பிடுங்குங்கோ, கையுறை போட்டு, நீளக் கை சட்டை போட்டு, முகத்துக்குத் துணி கட்டி.

எனக்கு மகரந்தத்தை விட நெல்லுச் சுணைதான் கரைச்சல். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கினால் நான் காற்றுக்கு மேல் பக்கம்தான் நிற்பேன்.

வட்டக்கச்சி அக்கா:

எல்லாருக்கும் நன்றி. லண்டன் தங்கச்சி எழுதினதை மூன்று தரம் வாசித்தேன், தம்பிக்கும் அனுப்பிவிட்டேன்.

நெல்லுச் சுணை என்றதும் என்னுடைய கதையையும் கேட்டுவிடுகிறேன். தை, மாசி வெட்டு நேரம் எனக்கும் மூக்கு அடைக்கும், ஆடியில் சோளகம் தூசியை அள்ளிக்கொண்டு வரும்போதும் அடைக்கும். முந்தி அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைப்பா. இப்போது பாமசியில் வாங்கின சொட்டு மருந்து ஒன்று இருக்கிறது, விட்ட இரண்டு நிமிடத்தில் மூக்கு திறக்கும். இரண்டு வருடமாக அது தலையணைக்குக் கீழேதான். இப்போது வெட்டுக் காலம் இல்லாவிட்டாலும் அடைக்கிறது, இரவு இரண்டு தரம் எழும்பி விட வேண்டியிருக்கிறது. தம்பியின் மருந்தைப் பற்றி இத்தனை கேள்வி கேட்கிற நான் இதைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை.

மல்லாவி பாமசி:

அக்கா, போத்தலைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் பாருங்கோ. சைலோமெற்றசோலின் அல்லது ஒக்சிமெற்றசோலின் என்று இருக்கும். இருந்தால், இன்றைக்கே அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அது வீங்கின இரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்குகிற மருந்து, அதனால்தான் இரண்டு நிமிடத்தில் திறக்கிறது. மூன்று நாள், கூடினால் ஐந்து நாள், அதற்கு மேல் விடக்கூடாது. தொடர்ந்து விட்டால் மருந்தின் வேலை முடிந்ததும் குழாய்கள் முந்தியதை விட வீங்கும், திரும்ப விடுவீர்கள், திரும்ப வீங்கும். உங்களுக்கு இரவில் இரண்டு தரம் அடைப்பது சுணையாலும் இல்லை, சோளகத்தாலும் இல்லை, அந்தச் சொட்டு மருந்தாலேயே வருகிற அடைப்பாக இருக்கலாம். பிரஷர் உள்ளவர்களுக்கு அது இன்னும் நல்லதில்லை. என் கடைக்கு வருகிறவர்களில் மாதக்கணக்காக இதை வாங்குகிறவர்களைக் கண்டால் நான் ஒதுக்கிக் கூப்பிட்டுக் கதைப்பேன், சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள், ஆனாலும் சொல்லாமல் விட மனம் வராது.

விடுவதற்கு வழி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் காது மூக்குத் தொண்டை கிளினிக்குக்குப் போங்கோ, போத்தலையும் கொண்டு போங்கோ. பெரும்பாலும் ஸ்டீரொயிட் ஸ்பிறே ஒன்று தருவார்கள். சிலருக்கு முதலில் ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்வார்கள், அது திறந்த பிறகு மற்றதில். முதல் ஒரு கிழமை கஷ்டமாகத்தான் இருக்கும். ஸ்டீரொயிட் ஸ்பிறே இரண்டு நிமிடத்தில் திறக்காது, முழுப் பலன் தெரிய நாட்கள், சில வேளை இரண்டு கிழமை எடுக்கும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் பலர் மூன்றாம் நாளே "இது வேலை செய்யாது" என்று எறிந்துவிட்டுப் பழையதற்குத் திரும்புகிறார்கள்.

அடிக்கிற விதமும் முக்கியம். தலையைக் கொஞ்சம் முன்னால் குனியுங்கோ, வலது கையால் இடது மூக்குக்கும் இடது கையால் வலது மூக்குக்கும் அடியுங்கோ, நுனி நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கக் காதைப் பார்க்கட்டும். நடுச்சுவரில் திரும்பத் திரும்பப் பட்டால்தான் இரத்தம் வரும். தம்பிக்கும் இதைச் சொல்லுங்கோ, பரிசோதனையில் இரத்தம் வந்தால் அது மருந்தின் குற்றமா கையின் குற்றமா என்று தெரியாமல் போய்விடும்.

உப்புத் தண்ணீரால் மூக்கு கழுவுவது நல்லது. ஆனால் கிணற்றுத் தண்ணீரை அப்படியே விடவே கூடாது. கொதிக்க வைத்து ஆறின தண்ணீர் மட்டும். நன்னீரில் இருக்கிற அமீபா வகை ஒன்று மூக்கு வழியாக மூளைக்குப் போகும், அரிதுதான், ஆனால் வந்தால் தப்புவது கடினம்.

யாழ்ப்பாணத்தில் ஆய்வு உதவியாளர்:

நான் மருத்துவ ஆய்வுகளில் படிவம் விளங்கப்படுத்துகிற வேலை செய்கிறேன், சொந்த இடம் புதுக்குடியிருப்பு. அக்கா முகாமையும் கையெழுத்தையும் பற்றி எழுதினது என்னைத் தொட்டது. எங்கள் அம்மாவும் ஒரு தாளையும் வாசிக்காமல் "எங்கே வைக்க வேண்டும்" என்றுதான் கேட்பா. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மருந்துப் பரிசோதனையில் கையெழுத்து என்பது ஒப்பந்தம் இல்லை. வைத்த அடுத்த நாளும், பாதி மருந்து அடித்த பிறகும், காரணம் சொல்லாமல் விலகலாம், அதற்காக அவருடைய வழக்கமான வைத்தியத்தை ஒருவரும் நிறுத்த முடியாது. 1964 இல் ஹெல்சிங்கி பிரகடனம் எழுதின நாளிலிருந்து மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம் இது. படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்து, அக்காவிடம் கேட்டு, திரும்ப வந்து கேள்வி கேட்பதும் அவனுடைய உரிமை, அவன் செய்ததில் பிழை இல்லை.

படிவத்தில் நான் தேடுவது இவை: காயமோ கேடோ வந்தால் செலவு யாருடையது, நள்ளிரவில் எடுக்கக்கூடிய தொலைபேசி இலக்கம் இருக்கிறதா, ஆய்வை நடத்துகிறவர்களோடு சம்பந்தப்படாத ஒரு குழு இடையில் கணக்குப் பார்த்து, கெடுதல் தெரிந்தால் நிறுத்துமா, எந்த அறிகுறி வந்தால் அவனுக்கு மருந்தை நிறுத்துவார்கள், இப்போது பாவிக்கிற மருந்தை எத்தனை நாள் விடச் சொல்கிறார்கள், அந்த நாட்களில் தாங்க முடியாமல் போனால் எதை எடுக்கலாம், அரைவாசிப் பேருக்கு மருந்தில்லாத ஸ்பிறேதான் என்றால் அது தெளிவாக எழுதியிருக்கிறதா. மருந்து முடிந்த பிறகு எவ்வளவு காலம் பார்ப்பார்கள் என்பதையும் விடாதீர்கள். சுவிட்சர்லாந்தில் 2000 ஆம் ஆண்டு குளிர்காலத்தில் மூக்கில் அடிக்கிற இன்புளுவென்சாக் காய்ச்சல் தடுப்பு மருந்து ஒன்று விற்பனைக்கு வந்து, அடித்தவர்களில் சிலருக்கு ஒரு பக்க முகம் இழுத்தது. அதுவும் அடித்த உடனே இல்லை, பலருக்கு ஒரு மாதம் கழித்து. கணக்குப் பார்த்தால் 10,000 பேருக்குப் பதின்மூன்று பேர் அளவில். மருந்தை மீளப் பெற்றுக்கொண்டார்கள். சில நூறு பேரை இரண்டு கிழமை பார்த்தால் இது கண்ணில் படாது.

பழைய மருந்து என்பதற்காகவும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று இல்லை. பெக்லோமெதசோன் மூக்கு ஸ்பிறே 1970 களிலிருந்து பாவனையில் இருந்தது. ஆறு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகள் 100 பேரை ஒரு வருடம் அளந்து பார்த்து 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில்தான், மருந்து அடித்த பிள்ளைகள் 5.0 சென்ரிமீற்றரும் மற்றவர்கள் 5.9 சென்ரிமீற்றரும் வளர்ந்தது தெரிந்தது. பிள்ளைகளுக்கு ஸ்பிறே கொடுக்கிற டொக்டர் உயரத்தையும் அளந்து எழுதுவது அதனால்தான். அந்த நூறு பிள்ளைகளின் தாய் தகப்பன் சம்மதித்திராவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்கு அது தெரியாமலே போயிருக்கும். பரந்தன் தம்பி, எலி என்ற சொல் எனக்கு வலித்தது அதனால்தான்.

இங்கேயும் யாராவது வன்னிக்கு இலவச மருந்தோடு படிவம் கொண்டு வந்தால் கேட்க வேண்டியதைக் கேளுங்கோ. இலங்கையில் மருந்துப் பரிசோதனைக்குத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அது 2015 இன் 5 ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தது. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியும் வேண்டும். 2006 இலிருந்து ஆய்வுகளைப் பதிவு செய்கிற பொதுப் பதிவேடும் இருக்கிறது, யாரும் இணையத்தில் பார்க்கலாம். படிவம் தமிழில் இருக்க வேண்டும். தமிழில் தராவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள்.

பரந்தன் பெடியன்:

மன்னித்துக்கொள்ளுங்கோ அண்ணை, அக்கா. அந்த நூறு பிள்ளைகளின் கதை எனக்குத் தெரியாது. எங்கள் அண்ணாவின் மகனும் இப்படி ஒரு ஸ்பிறே அடிக்கிறான், கிளினிக் கொப்பியில் உயரம் எழுதியிருக்கிறதா என்று நாளைக்குப் பார்க்கிறேன்.

வட்டக்கச்சி அக்கா:

நேற்று இரவு தம்பியோடு ஒன்றரை மணித்தியாலம் கதைத்தேன். முதலில் சண்டை. "சின்ன வயதுக் கதை, இப்ப எதுக்கு" என்றான். அம்மா சுவரோடு சாய்ந்திருந்ததை அவனுக்கு ஞாபகம் இல்லையாம், நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டான்.

இன்று மத்தியானம் தகவல் போட்டிருந்தான். ஆய்வு நிலையத்துக்குப் போய் முட்டு இருந்ததைச் சொல்லியிருக்கிறான். அவர்கள் கோபிக்கவில்லையாம், சொன்னதற்கு நன்றி என்று சொல்லி, குழாயில் ஊதுகிற நுரையீரல் சோதனைக்கு அடுத்த வியாழன் வரச் சொல்லியிருக்கிறார்கள். அது சரியாக இருந்தால் யோசிப்பார்கள், இல்லாவிட்டால் எடுக்கமாட்டார்கள். நீங்கள் சொன்ன கேள்விகளையும் எழுதிக் கொண்டு போயிருக்கிறான். அவனுக்கு முன் நாற்பத்தெட்டுப் பேர் அடித்திருக்கிறார்களாம், நான்கு பேருக்கு மூக்கில் இரத்தம், ஒருவர் தலையிடியால் விலகினார். மருந்து நிறுத்தி ஆறு மாதம் வரை கூப்பிட்டுப் பார்ப்பார்களாம். ஸ்டீரொயிட் வகைதான், லண்டன் தங்கச்சி சொன்னது சரி. இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.

என் போத்தலையும் திருப்பிப் பார்த்தேன். ஒக்சிமெற்றசோலின். திங்கட்கிழமை கிளினிக், காலை ஏழுக்கே போய் இலக்கம் எடுக்க வேண்டும். நேற்று இரவு இடது மூக்குக்கு விடவில்லை. மூன்று மணிக்கு எழும்பி முற்றத்தில் கதிரை போட்டு இருந்தேன்.